சேதம் யாருக்கு? – போர்க்கால வன்கொடுமையும் மீண்டு வந்தோர் உரிமையும்

முள்ளில் சேலை பட்டாலும் சேலையில் முள் பட்டாலும் சேதம் சேலைக்கே என்பது நம் நாட்டுத் தாய்மார் தம் பெண்மக்களுக்கு வழிவழியாகச் சொல்லிவரும் பழமொழி. எச்சரிக்கையாகத் தோன்றிய இம்மொழி நாளடைவில் தீர்ப்பாகவே மாறிவிட்டது. சேலை கிழிந்ததைப் பற்றி ஊர் பேசுகிறது; முள்ளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முள்ளை வெட்ட வேண்டும் என்றோ, வழியில் முள்ளை இட்டவன் யார் என்றோ கேட்பாரும் இல்லை. அமைதிக் காலத்திலேயே நிலைமை இதுவாயின், துப்பாக்கி ஏந்தியவன் கையில் ஆட்சியும் இருக்கும் போர்க்காலத்தில் பெண்ணின் நிலை எத்தகையதாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மங்கலமான செய்திகளைத் தாங்கி வர வேண்டிய கல்லூரி மலரில் இத்தகைய பொருளை எழுதலாமா எனப் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தை நாம் மதிக்கிறோம். எனினும், இப்பொருளைப் பற்றி நாம் காத்துவரும் மௌனம் கொடுமை இழைத்தவனுக்கே கவசமாகிறது. கொடுமைக்கு ஆளானவர்க்கோ அதுவே இரண்டாவது தண்டனையாகிறது. இலக்கியம் கற்பிக்கும் ஒரு துறை மனிதத் துயரத்தின் இப்பகுதியை மட்டும் படிக்காமல் விட்டுவிடுதல் முறையன்று. ஆகவே, போர்க்காலத்தில் நிகழும் பாலியல் வன்கொடுமையையும், அதிலிருந்து மீண்டு வந்தோரின் உரிமைகளையும், அவ்வுரிமைகளில் நம் சமுதாயம் நிறைவேற்ற வேண்டிய பங்கையும் ஈண்டுச் சிந்திப்போம்.

சொல்லின் சுமை

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். தமிழ்த்துறையினராகிய நமக்கு அதுவே உரிய இடம். 'கற்பழிப்பு' என்னும் சொல் நம் நாளேடுகளிலும் மேடைகளிலும் நெடுங்காலம் ஆளப்பட்டு வந்தது. இன்றும் முற்றாக மறையவில்லை. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் களவியலை அடுத்துக் கற்பியல் வைக்கப்பட்டுள்ளது. ஆங்குக் கற்பு என்பது மணம் கொண்ட இருவரின் இல்லற ஒழுகலாற்றைக் குறிக்கும். 'கல்' என்னும் அடியிலிருந்து பிறந்த சொல்லாகக் கொண்டால், கற்றுக்கொண்ட ஒழுக்கம் எனவும் பொருள்படும். ஒருவர் கற்ற கல்வியைக் கள்வன் கவர முடியாது. அங்ஙனமாயின், ஒருவர் கற்றுக்கொண்ட ஒழுக்கத்தை மற்றொருவன் வன்முறையால் அழித்துவிட்டான் என்பது எவ்வாறு பொருந்தும்? ஒழுக்கம் அழிந்தது கொடுமை செய்தவனிடத்திலே அன்றோ! 'கற்பழிப்பு' என்னும் சொல் குற்றவாளியின் செயலைக் கூறுவதுபோல் தோன்றினும், இழப்பை மட்டும் பெண்ணின் கணக்கில் எழுதிவிடுகிறது. 'கெடுக்கப்பட்டவள்', 'சீரழிந்தவள்' போன்றனவும் இவ்வகையினவே.

வன்புணர்ச்சி, பாலியல் வல்லுறவு, பாலியல் வன்கொடுமை என்னும் சொற்கள் இன்று வழக்கிற்கு வந்துள்ளன. இவை குற்றத்தைக் குற்றமாகச் சுட்டுகின்றன. பெண்ணின் மதிப்பைப் பற்றித் தீர்ப்பு எதுவும் கூறுவதில்லை. இது வெறும் சொல்லாராய்ச்சி எனக் கருத வேண்டா. 1949 ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கைகூட, 27 ஆம் பிரிவில், போர்க்காலத்தில் பெண்களை வன்புணர்ச்சியிலிருந்து காக்க வேண்டும் எனக் கட்டளையிடும்போது, அதனை அவர்தம் 'மானத்தின்' மீதான தாக்குதல் என்றே வகைப்படுத்தியது. உடலின் மீதும் உயிரின் மீதும் தொடுக்கப்பட்ட தாக்குதலை மானத்தின் மீதான தாக்குதலாக மட்டும் கண்ட காரணத்தால், அக்குற்றம் போர்க்குற்றங்களின் வரிசையில் பல ஆண்டுகள் பின்னிருக்கையிலேயே அமர்ந்திருந்தது.

போரும் பெண்ணும்

போரின்போது பெண்களுக்கு நேரும் கொடுமையைச் சில வீரர்களின் கட்டுக்கடங்காத காமத்தின் விளைவு எனக் கூறுவாருளர். வரலாறு அக்கூற்றை ஏற்பதில்லை. பகைவன் நாட்டுப் பெண்ணைக் கவர்தல் வெற்றியின் அடையாளமாகப் பல நாகரிகங்களிலும் கொள்ளப்பட்டது. நம் பெருமைக்குரிய சங்க இலக்கியமும் அதற்கு விலக்கன்று. பட்டினப்பாலையில் வரும் 'கொண்டி மகளிர்' பகைவரிடமிருந்து கொள்ளைப் பொருளாகக் கொண்டுவரப்பட்ட பெண்களே. அம்பலத்தில் மெழுகி விளக்கேற்றும் பணியில் அவர்களைக் காண்கிறோம். வகுப்பறையில் அவ்வடிகளின் அழகை விளக்கிச் செல்லும் நாம், அவர்கள் எந்த ஊரார், யாருடைய மகளிர் என ஒரு கணமேனும் நின்று கேட்டதுண்டா? கி.பி. 1007 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஹொட்டூர்க் கல்வெட்டு, படையெடுத்து வந்த சோழர் படை பெண்களைக் கொன்றதாகவும் கன்னியரைப் பற்றியதாகவும் குற்றஞ்சாட்டுகிறது. பகைவராகிய சாளுக்கியர் பொறித்த கல்வெட்டு அது என்பதை மறக்கலாகாது. அதனை முற்றும் மறுத்துவிடவும் நமக்கு ஆதாரமில்லை.

பெண்ணை இனத்தின் மானமாகக் கருதும் சமுதாயத்தில், பெண்ணைச் சிதைத்தால் இனத்தையே சிதைத்துவிடலாம் எனப் பகைவன் கணக்கிடுகிறான். தந்தை தலைகுனிவான், கணவன் கைவிடுவான், ஊர் வாய்மூடும், குடும்பம் இடம்பெயரும் என்பதை அவன் நன்கு அறிவான். ஒரு குண்டும் செலவாகாமல் ஓர் ஊரைக் காலி செய்யும் வழி அது. 1992 முதல் 1995 வரை போஸ்னியாவில் முஸ்லிம் பெண்கள் அடைத்து வைக்கப்பட்டுச் சிதைக்கப்பட்டது இத்தகைய கணக்கின்படியே. இக்கருவி பகைவன் கையில் இருப்பினும், அதற்குக் கூர்மை ஏற்றுவது நம்முடைய மானக் கோட்பாடே என்பதை நாம் உணர்ந்தாக வேண்டும்.

ஈழம் தரும் பாடம்

நம் மொழி பேசும் மக்களின் அண்மை வரலாற்றில் இக்கொடுமைக்குச் சான்று தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இலங்கையில் 1971 ஏப்ரலில் நிகழ்ந்த கிளர்ச்சியின்போது, கதிர்காமத்தில் பிரேமாவதி மனம்பேரி என்னும் சிங்கள இளம்பெண் இராணுவத்தாரால் இழிவுபடுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவரும் சிங்களவர், கொல்லப்பட்டவரும் சிங்களவர். எதிரிக்கு இனம் ஒரு காரணமேயன்றி முழுக் காரணமன்று என்பதற்கு இந்நிகழ்ச்சியே போதும்.

1987 இல் அமைதி காக்கச் சென்ற இந்தியப் படையினர் மீதும் யாழ்ப்பாணத்துப் பெண்கள் இக்குற்றச்சாட்டைக் கூறினர். அவர்களுடைய வாக்குமூலங்களைத் தேடிச் சென்று கேட்டுப் பதிவு செய்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம. அவரும் மூன்று ஆசிரியர்களும் இணைந்து எழுதிய 'முறிந்த பனை' என்னும் நூலில் அப்பதிவுகள் இடம்பெற்றுள்ளன. நூல் வெளிவருமுன்னரே, 1989 செப்டம்பர் 21 ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எந்தப் படையாயினும், எந்த இயக்கமாயினும் குற்றத்தைக் குற்றமென்றே எழுதிய பேராசிரியை அவர். நம் நாட்டுப் படை என்பதற்காக நாம் கண்ணை மூடிக்கொண்டால், பிற நாட்டுப் படையைக் குறைகூறும் தகுதியை இழந்துவிடுவோம்.

1996 செப்டம்பர் 7 ஆம் நாள், சுண்டிக்குளி மகளிர் கல்லூரியின் 18 வயது மாணவி கிருசாந்தி குமாரசாமி, உயர்தர வகுப்புத் தேர்வெழுதிவிட்டு மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் செம்மணிச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டார். பின்னர்க் கூட்டாக வன்புணர்ச்சிக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். மகளைத் தேடிச் சென்ற தாயும், உடன்பிறந்த தம்பியும், துணைக்குச் சென்ற அயலவரும் மீளவில்லை. நால்வருடைய உடல்களும் பின்னர்த் தோண்டி எடுக்கப்பட்டன. 1998 ஜூலையில் கொழும்பு உயர் நீதிமன்றம் குற்றம் புரிந்த படைவீரர்களுக்கு மரண தண்டனை விதித்தது. அவ்வேளையில், தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச என்பவர், செம்மணியில் மேலும் முந்நூறு நானூறு உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என நீதிமன்றத்திலேயே கூறினார். 1999 இல் நடைபெற்ற அகழ்வில் பதினைந்து உடல்களே கிடைத்தன. 2025 இல் அப்பகுதியில் மீண்டும் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒரு மாணவியின் வழக்கை விடாது நடத்தியதன் விளைவாகவே அம்மண் வாய் திறந்தது என்பது நோக்குதற்குரியது.

ஈழப் போர்க்காலத்தில் இத்தகைய வழக்குகளில் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றவை மிகச் சிலவே. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்ற பின்னரும் தடுப்புக் காவலில் இருந்தோர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர் என்பதை ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2015 செப்டம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கை எடுத்துரைத்தது. பெண்கள் மட்டுமன்றி ஆண்களும் அக்கொடுமைக்கு ஆளாயினர் என அவ்வறிக்கை கூறிற்று. அயல்நாட்டு நீதிபதிகளும் பங்குகொள்ளும் சிறப்பு நீதிமன்றம் வேண்டும் எனவும் அது பரிந்துரைத்தது. அதனையொட்டிய மனித உரிமைப் பேரவைத் தீர்மானத்துக்கு 2015 இல் இணைந்து ஆதரவளித்த இலங்கை அரசு, 2020 இல் அவ்வாதரவை விலக்கிக்கொண்டது.

தமிழ்நாட்டில் வாழும் நாம் இத்துயரத்துக்கு என்ன செய்தோம்? ஊர்வலம் நடத்தினோம், கண்ணீர் விட்டோம், அது நன்றே. ஆயினும், இறந்த பெண்களின் ஆடையற்ற உடல்களைக் காட்டும் படங்கள் உணர்ச்சியைத் தூண்டும் பொருட்டுக் கைக்குக் கை பரவியபோது, அப்பெண்ணுக்கு ஒரு தாய் இருப்பாளே, அவள் இதைக் காண்பாளே என எண்ணியவர் எத்தனை பேர்? பகைவன் இழிவுபடுத்துவதற்காக எடுத்த படத்தை நாம் பரப்பினால், அவன் தொடங்கிய செயலை நாம் முடித்து வைத்தவராவோம். இறந்தவர்க்கும் உரிமை உண்டு.

வாச்சாத்தி: நம் வாசலில் நடந்தது

இவையெல்லாம் கடலுக்கு அப்பால் நிகழ்ந்தவை என ஆறுதல் கொள்ளவும் நமக்கு வழியில்லை. 1992 ஜூன் 20 ஆம் நாள், தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடிச் சிற்றூருக்குள், சந்தனமரக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் நுழைந்தனர். வீடுகள் இடிக்கப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன, 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளாயினர். கொடுமைக்கு ஆளானவர்களே குற்றவாளிகளாகச் சிறையில் அடைக்கப்பட்டனர். அது நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே நிகழ்ந்த போரன்று. எனினும், சீருடையும் ஆயுதமும் ஒரு பக்கம், வெறுங்கை மறுபக்கம் என்னும் நிலையில் போர்க்களத்துக்கும் அவ்வூருக்கும் வேற்றுமை ஒன்றும் இல்லை.

அப்பெண்கள் வாய்மூடவில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் பொதுவுடைமை இயக்கத்தினரும் துணை நின்றனர். உயர் நீதிமன்ற ஆணையால் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களுள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 ஆம் நாள், சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்புக்கு முன் நீதிபதி அவ்வூருக்கே சென்று பார்வையிட்டார். வன்புணர்ச்சிக்கு ஆளான ஒவ்வொருவர்க்கும் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து பெறவும், அக்கால மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டது. நீதி வந்தது, முப்பத்தோராண்டுகள் கழித்து வந்தது. அப்பெண்கள் அவ்வூரிலேயே இருந்து, ஒருவரையொருவர் கைவிடாமல் வாழ்ந்ததனாலேயே அத்துணைக் காலம் காத்திருக்க முடிந்தது. சட்டத்தின் வெற்றிக்கு அடித்தளமாக ஊரின் அரவணைப்பு இருந்தது என்பதை நம் பெரியோர் குறித்துக்கொள்ள வேண்டும்.

வீராங்கனையும் வாராங்கனையும்

ஊர் அரவணைக்காவிடின் யாது நேரும் என்பதற்கு 1971 ஆம் ஆண்டின் வங்கப் போர் சான்று. பாகிஸ்தான் படையினராலும் அவர்தம் துணைவராலும் வன்கொடுமைக்கு ஆளான பெண்களின் எண்ணிக்கை இரண்டு இலட்சம் என வங்கதேச அரசு கூறிற்று. கொடுமை இழைத்தவரும் பெரும்பாலும் முஸ்லிம்கள்; ஆளானவருள்ளும் பலர் முஸ்லிம்கள். விடுதலை பெற்ற அரசு அப்பெண்களுக்கு 'வீராங்கனை' என்னும் பட்டம் சூட்டிப் பெருமைப்படுத்தியது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் குடும்பங்கள் பல அவர்களை ஏற்கவில்லை. பிறந்த குழந்தைகள் பலர் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். ஊரார் அப்பட்டத்தின் முதலெழுத்தைத் திரித்து 'வாராங்கனை' எனப் பழித்தனர். விலைமகள் எனப் பொருள்படும் அச்சொல் தமிழிலும் உண்டு. ஓர் எழுத்தின் மாற்றம் ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்தது. அப்பெண்களைச் சுதந்திரப் போராளிகளாகச் சட்டப்படி ஏற்று உதவித்தொகை வழங்கும் நிலை 2015 இல்தான் வந்தது. பட்டம் போதாது, மனமாற்றமும் வாழ்வாதாரமும் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் படிப்பினை.

2014 ஆகஸ்டில் இராக்கின் சிஞ்சார் பகுதியில் யஸீதி இனப் பெண்களை அடிமைகளாக விற்ற கூட்டம், இஸ்லாத்தின் பெயரையே சொல்லிற்று. அடுத்த மாதமே நூற்றுக்கும் மேற்பட்ட மார்க்க அறிஞர்கள் பல நாடுகளிலிருந்தும் ஒன்றுகூடி, அடிமை முறையை மீண்டும் கொண்டுவருதல் மார்க்கத்துக்கு முரண் என்று திறந்த மடல் எழுதினர். அதனைப் படிக்க வேண்டியது நம் கடமை. போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஆணை. பெண்ணின் மீது சான்றின்றிப் பழி தூற்றுவோர்க்குக் கடுந்தண்டனை கூறும் திருக்குர்ஆனின் 'அந்நூர்' அத்தியாயம், கட்டாயத்துக்கு ஆளான பெண்ணுக்கு இறைவனின் மன்னிப்பையும் கருணையையும் உறுதி கூறுகிறது. பெண்ணை அவதூறிலிருந்து காக்க வந்த நான்கு சாட்சி விதியை, வன்கொடுமைக்கு ஆளானவளிடமே கேட்கும் விதியாகத் திருப்பிய கொடுமை 1979 இன் ஹுதூத் சட்டத்தால் பாகிஸ்தானில் நிகழ்ந்தது. 2006 இல் அது திருத்தப்பட்டது. கேடயத்தை வாளாக்கியது மார்க்கமன்று. அதனைக் கையாண்ட மனிதரே.

அதே யஸீதி மக்களிடையே போற்றத்தக்க செயலொன்று நிகழ்ந்தது. மீண்டு வரும் பெண்கள் தூயவர்களே, அவர்களைக் குடும்பங்கள் வரவேற்க வேண்டும் என அவர்தம் சமயத் தலைவர் பாபா ஷேக் அறிவித்தார். வேற்று இனத்தாருடன் சேர்ந்தவர் இனத்திலிருந்து விலக்கப்படுவர் என்னும் பழைய கட்டுப்பாட்டை உடைய சமுதாயம் அது. ஒரு முதியவரின் சொல் எத்துணையோ பெண்களுக்கு வீட்டு வாசலைத் திறந்தது. அவர்களுள் ஒருவராகிய நாதியா முராது, காங்கோ நாட்டு மருத்துவர் தெனி முக்வேகேயுடன் 2018 ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசைப் பெற்றார். 2021 மார்ச்சில் இராக் நாடாளுமன்றம், மீண்டு வந்தோர்க்கு மாத உதவித்தொகை, வீட்டுமனை, கல்வி, அரசு வேலையில் ஒதுக்கீடு ஆகியவற்றை வழங்கும் சட்டத்தை இயற்றியது. எனினும், அக்கொடுமையால் பிறந்த குழந்தைகளை அச்சமுதாயம் ஏற்கவில்லை. தாயை ஏற்றுச் சேயை விலக்கும் அந்த ஒரு குறை இன்னும் தீரவில்லை.

உரிமைகள் யாவை?

உலக அளவில் நிலைமை மெல்ல மாறி வருகிறது. 1998 செப்டம்பரில் ருவாண்டாவுக்கான பன்னாட்டு நீதிமன்றம், அகயேசு என்பவரின் வழக்கில், வன்புணர்ச்சியும் இன அழிப்பின் ஒரு வடிவமாகும் எனத் தீர்ப்பளித்தது. 2001 பிப்ரவரியில் போஸ்னியாவின் போச்சா நகர் வழக்கில் பாலியல் அடிமைப்படுத்தல் மனித குலத்துக்கு எதிரான குற்றம் எனத் தீர்ப்பாயிற்று. 2008 ஜூன் 19 ஆம் நாள் ஐ.நா. பாதுகாப்பு அவை தன் 1820 ஆம் தீர்மானத்தால் இதனைப் போர்த் தந்திரமாகவே இனங்கண்டு கண்டித்தது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் இன்றுவரை சேரவில்லை.

நம் நாட்டில் 2013 இல் செய்யப்பட்ட திருத்தம், ஒரு பகுதியில் நிறுத்தப்பட்ட படையினர் செய்யும் வன்புணர்ச்சியையும், வகுப்புக் கலவரத்தின்போது நிகழும் வன்புணர்ச்சியையும் கடுங்குற்றங்களாக வகுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதனைத் தொடர்கிறது. ஆயினும் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் நடைமுறையில் உள்ள இடங்களில், நடுவணரசின் அனுமதியின்றிப் படைவீரர் மீது வழக்குத் தொடர முடியாது. பாலியல் குற்றங்களுக்கு அத்தடை கூடாது என நீதிபதி வர்மா குழு 2013 சனவரியில் பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை. வயதுவந்த ஆண் ஒருவன் இக்கொடுமைக்கு ஆளானால், அதனை வன்புணர்ச்சியாகக் கருதும் பிரிவு நம் சட்டத்தில் இல்லை. இவ்விரண்டும் நீக்கப்பட வேண்டிய குறைகள்.

கலவரமும் ஒருவகைப் போரே என்பதற்கு 2002 இன் குசராத்து சான்று. தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வழக்கு நடத்திய பில்கிஸ் பானு அவர்களின் வழக்கு, உச்ச நீதிமன்ற ஆணையால் மாநிலத்துக்கு வெளியே மாற்றப்பட்டு, 2008 இல் பதினொருவர் ஆயுள் தண்டனை பெற்றனர். 2019 இல் 50 இலட்சம் ரூபாய் இழப்பீடும், வேலையும், வீடும் வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022 ஆகஸ்ட் 15 அன்று அப்பதினொருவரும் விடுவிக்கப்பட்டனர்; 2024 சனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கியது. நீதி ஒருமுறை கிடைத்தால் போதாது. அதனைக் காக்கவும் வேண்டியுள்ளது.

பாதிக்கப்பட்டவர் யாராயினும் அவர்க்குரிய சில உரிமைகளை நம் மாணவர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் அவர்க்கு உடனடியாகக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கக் கடமைப்பட்டுள்ளது. புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவல் அலுவலர் தண்டனைக்குரியவர். இழிவான 'இருவிரல்' சோதனையை உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் முற்றாகத் தடை செய்தது. பெண்கள் அனைவர்க்கும் 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. அவர் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். தம் பெயரைத் தாமே வெளியிட்டுப் பேசவும், பேசாதிருக்கவும் அவர்க்கே உரிமை உண்டு. கொரிய மூதாட்டி கிம் ஹக் சுன், சப்பானியப் படையால் தாம் பட்ட துன்பத்தை 1991 ஆகஸ்டில் உலகறியச் சொன்னபோது, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. அதுவரை ஏன் சொல்லவில்லை எனக் கேட்பது அறிவுடைமையாகாது; சொல்லத்தக்க சூழலை நாம் ஏன் உருவாக்கவில்லை என்றே கேட்டல் வேண்டும்.

பெண் பாண்டமல்லள்

நம் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். உடைந்த பாண்டம் ஒட்டாது என்பது சூளைத் தொழிலில் உள்ளார்க்கு நன்கு தெரியும். விரிசல் கண்ட பொருளைத் தட்டிப் பார்த்தே ஒதுக்கிவிடுவர். அவ்வறிவு பீங்கானுக்குப் பொருந்தும். அதே அறிவை மனிதப் பிறவியின் மீது செலுத்தி, வன்கொடுமைக்கு ஆளானவளை உடைந்த பாண்டம் என்று ஒதுக்குவோர் பெண்ணைப் பொருளாகவே கருதுகின்றனர். எலும்பு முறிந்தவன் எழுந்து நடக்கிறான். கண்ணிவெடியில் காலிழந்தவனைப் போர்வீரன் எனப் போற்றுகிறோம். போரில் காயம்பட்ட பெண்ணை மட்டும் ஏன் தலைகுனியச் சொல்கிறோம்?

இங்கு வாழும் நமக்குச் செய்தற்குரியவை சில உண்டு. தமிழ்நாட்டில் ஈழத்தமிழர் முகாம்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன. 2021 முதல் அவை மறுவாழ்வு முகாம்கள் என அழைக்கப்படுகின்றன. நம் கடலூர் மாவட்டத்திலும் அவை உண்டு. அங்கிருந்து கல்லூரிக்கு வரும் மாணவியரிடம் பழைய கதையைத் துருவிக் கேட்பது அனுதாபம் ஆகாது. அவர் விரும்பிச் சொன்னால் செவிகொடுத்துக் கேட்போம். கேட்டதை நம்மோடு வைத்துக்கொள்வோம். இது மாணவர் கடமை.

ஆசிரியர்களாகிய நாம் 'கற்பழிப்பு' என்னும் சொல்லை வகுப்பறையிலும் விடைத்தாளிலும் ஏற்காதிருப்போம். போர் இலக்கியம் நடத்தும்போது வென்றவனின் யானையையும் குதிரையையும் எண்ணுவதோடு, கொண்டி மகளிரையும் எண்ணுவோம்.

ஜமாஅத்துப் பெரியோர்களிடமும் ஊர்ப் பெரியோர்களிடமும் பணிவுடன் ஒன்று வேண்டுகிறோம். இத்தகைய வழக்கு உங்கள் முன் வந்தால், சமாதானம் பேசி முடித்து வைக்க வேண்டா. கொடுமை செய்தவனுக்கே மணமுடித்து வைப்பது தீர்வாகாது. அது கொடுமையை வாழ்நாள் முழுவதும் நீட்டிப்பதாகும். குடும்ப மானம் கருதிப் புகாரைத் தடுக்காமல், காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் துணை செல்லுங்கள். பாபா ஷேக் ஒருவர் சொன்ன சொல்லை நம் ஊர்ப் பெரியவர் ஒவ்வொருவரும் தம் மக்களிடம் இன்றே சொல்லி வைக்கலாம்: உன் மீது யார் கொடுமை இழைத்தாலும் குற்றம் உன்னுடையதன்று, இவ்வீட்டு வாசல் உனக்குத் திறந்தே இருக்கும். துன்பம் நேர்ந்த பின் சொல்வதைவிட, நேருமுன் சொல்லி வைத்த சொல்லே பெண்ணுக்குத் துணிவு தரும்.

போரை நிறுத்தும் ஆற்றல் நம் கையில் இல்லாதிருக்கலாம். போர் முடிந்து திரும்பி வருபவர்க்கு இடம் தருவதும் மறுப்பதும் நம் கையில்தான் உள்ளது. அவ்விடத்தை மறுக்காத சமுதாயத்தை எந்தப் படையாலும் அவமானப்படுத்த இயலாது. அத்தகைய சமுதாயமாக நாம் உயர எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.